சாவிப் பலகை காலியாகும் வரை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலைப் பராமரிப்புப் பிரிவின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில், உடன் உழைத்தோர் அன்போடும் சற்று நடுக்கத்தோடும் வாசித்தளிக்கும் மடல்

அஞ்சுவதற்கென்றே அவதரித்த அண்ணலே! ஆபத்து வருமுன் அலறி, வந்தபின் அசையாது நின்ற ஆருயிர் அண்ணனே! வடக்கே மலையடிவாரத்து ஊர்களில் புறப்பட்டு, தலைநகரைத் தொட்டு, ஆலை நகரங்களைத் தாண்டி, சந்தை ஊர்களையும் கல்லூரி ஊர்களையும் ஒன்றோடொன்று கோத்து, தெற்கே துறைமுகத்தின் வாசலில் போய் நிற்கும் இந்த மாகாணத்தின் நெடுஞ்சாலையில், முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காமல் நின்ற முதல்வரே! முதுகு காட்டுவது கோழையின் வேலை என்று உலகம் சொல்லும்; தாங்கள் எங்களுக்கு முதுகு காட்டியதெல்லாம் பாய்ந்து வரும் வண்டிகளுக்கு முகம் காட்டத்தான் என்பதை அறிந்த நாங்கள், தங்களை வணங்கித் தொடங்குகிறோம்.

பாராட்டு மடல் என்றால் வீரரே, தீரரே என்று அழைக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். முதல் வரியாக "அஞ்சா நெஞ்சரே" என்றுதான் எழுதி வைத்திருந்தோம். அதைப் படித்த வடிகால்காரருக்குக் குடித்துக்கொண்டிருந்த தேநீர் புரையேறிவிட்டது. "யாரைச் சொல்றீங்க? நம்ம அண்ணனையா? இல்ல, வேற யாராவது ரிட்டயர் ஆகறாங்களா?" என்று கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த வரியை அங்கேயே அடித்துவிட்டு, இந்த அவையில் உண்மையை மட்டுமே சொல்வது என்று முடிவு செய்தோம். அண்ணனே, தாங்கள் பயந்தவர். நாங்கள் கண்ட மனிதர்களிலேயே அதிகமாகப் பயந்தவர். இந்தக் கூட்டமும் இந்தக் கைத்தட்டலும் அந்தப் பயத்துக்குத்தான்.

கருமேகம் கண்டால் கலங்கினீர்! காலைப் பனி கண்டால் கதிகலங்கினீர்! காலணியின் கயிறு அவிழ்ந்து கிடக்கக் கண்டால், கட்டி முடிக்கும்வரை கண்ணிமைக்காமல் காவல் நின்றீர்! தூக்கக் கலக்கத்தில் பேருந்து ஓட்டுபவர், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கார் ஓட்டுபவர், சரக்கை ஏற்றிவிட்டுக் கயிற்றை இறுக்க மறந்த லாரிக்காரர் என்று, இந்த மாகாணத்தில் தாங்கள் பயப்படாத ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தாலும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்துத்தான் உட்காருவீர்கள். தங்கள் ஸ்கூட்டரைப் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள் முந்திக்கொண்டு போவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வேலை முடிந்து சாலையைத் திறக்கும் நேரத்தில், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்" என்று தாங்கள் சொல்லாத நாள் கிடையாது. அதனால் முகத்துக்கு நேரே தங்களுக்கு "இன்னொரு தடவை அண்ணன்" என்று பெயர். முதுகுக்குப் பின்னால், ஒரு காலத்தில், "பயந்தாங்கொள்ளி". இரண்டும் தங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

தங்கள் பயம் பெற்ற பிள்ளைதான் இதோ இந்த மேடையில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் துணி போர்த்தி வைத்திருக்கும் சாவிப் பலகை. வந்திருக்கும் குடும்பத்தாருக்காக அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். பழுது பார்க்க வேண்டிய தடத்தை முதலில் அடைப்போம். ஒளிரும் அம்புப் பலகை பொருத்திய வண்டி, நாங்கள் அம்பு வண்டி என்போம், முன்னால் நின்று வண்டிகளை விலகிப் போகச் சொல்லும். அதன் பின்னே ஆரஞ்சு நிறக் கோன்கள் வரிசையாக நிற்கும். அடைத்த தடத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சாவியைத் தங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தாங்கள் அதை வேனில் தொங்கும் பலகையின் கொக்கியில் மாட்டுவீர்கள். வேலை முடிந்து வருகிறவர் தம் சாவியைத் தாமே எடுத்துக்கொள்வார். பலகை காலியானால்தான் கோன்களை எடுக்கலாம். "அடையாள அட்டைய மறந்துட்டுப் போவீங்க, தலைக்கவசத்த மறந்துட்டுப் போவீங்க. வீட்டுச் சாவிய மறந்துட்டு எவனும் வீட்டுக்குப் போக மாட்டான்" என்பது தங்கள் கணக்கு. தலைமை அலுவலகம் சிரித்தது. நாங்களும் சிரித்துக்கொண்டேதான் சாவியைக் கொடுத்தோம்.

பலகையின் முதல் கொக்கியை மட்டும் யாரும் தொட மாட்டோம். அது தங்களுக்கென்று விட்டது. தாங்கள் ஒருநாளும் அதில் சாவி மாட்டியதில்லை. "நான் எப்படியும் கடைசி ஆளு. எனக்கெதுக்கு?" என்பீர்கள்.

இனி அந்த மழை நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் தங்களுக்கு மடல் எழுதுவது உப்பில்லாமல் சமைப்பதுபோல. அன்று சாலையில் நடந்தது தங்களுக்குத் தெரியும். வேனுக்குள் நடந்தது தெரியாது. அதைப் பார்த்தவர் கோடு அக்கா. சூடான வெள்ளை வண்ணத்தை ஊற்றும் எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாலையில் தடக்கோடு போடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். தேநீரில் புரையேறிய வடிகால்காரரின் மனைவி. இன்று மேடையில் பேசச் சொன்னோம். "நீங்களே எழுதிடுங்க. நான் பேசினா அழுது ஊரைக் கூட்டிடுவேன்" என்றுவிட்டார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்.

அன்று காலை அந்த வீட்டில் சண்டை. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பிரிவில் வேலை. வீட்டுக்கு இருந்ததோ ஒரே சாவி. "இன்னொரு சாவி செஞ்சு கொண்டாங்கன்னு எத்தனை மாசமா சொல்றேன்? கடை நம்ம தெரு முனையிலதான் இருக்கு" என்று அக்கா கேட்டார். "ஒண்ணாத்தானே போறோம், ஒண்ணாத்தானே வர்றோம். எதுக்கு இன்னொண்ணு?" என்று அவர் சொன்னார். பேச்சு வளர்ந்து இருவரின் பிறந்த வீடுகள் வரைக்கும் போய் வந்தது. அதற்குப்பின் இருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கம்போல் இருவருக்குமாக ஒரே சாவி ஒரே கொக்கியில் ஏறியது. எல்லாவற்றுக்கும் பயந்த தாங்கள்கூட அதற்குப் பயப்பட மறந்துவிட்டீர்கள். எங்களுக்கும் அது தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல் தெற்குப் பக்கம் வானம் கறுத்தது. மழை இறங்குவதற்குள் நீர்வழியைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று வடிகால்காரர் நடுத்திட்டின் அடியில் இருக்கும் திறப்புகளில் ஒவ்வொன்றாகப் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தார். சாலைக்கு அடியில் ஓடும் குழாய்க்கு அந்தத் திறப்புதான் வாசல். ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுதான் இருக்கும். உள்ளே போனவரை வெளியிலிருந்து பார்க்க முடியாது. திரும்பி வரும்போது தலைதான் முதலில் வெளியே வரும். அது வரும் இடம், வண்டிகள் எல்லாவற்றையும்விட வேகமாகப் போகும் உள் தடம். தடம் அடைத்திருக்கிறது என்ற நம்பிக்கையில் அவர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு தலையை நீட்டுவார்.

பாதிப் பேர் சாவியை எடுத்துக்கொண்டு முதல் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். கோடு அக்கா எந்திரத்தை ஏற்றிவிட்டுப் பலகைக்கு வந்தபோது அவர்கள் வீட்டுச் சாவி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கணவரைக் காணவில்லை. முறுக்கிக்கொண்டு முதல் வேனில் போய்விட்டார் என்று நினைத்தார். "போகட்டும். சாவி என்கிட்ட இருக்கு. நான் வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்" என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். பலகை காலியாயிற்று.

வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டு அறை கத்தியது. "இன்னும் திறக்கலையா? சந்தை ஊர் வரைக்கும் வண்டி நிக்குது. பஸ்ல இருக்கறவங்க எல்லாம் இறங்கித் திட்டறாங்க." அம்பு வண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பலகை காலிண்ணே. எடுத்துடலாமா?" என்றார். தாங்கள் பலகையைப் பார்த்தீர்கள், வானத்தைப் பார்த்தீர்கள், பிறகு சொன்னீர்கள்: "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்." வேன் முழுக்க ஒரே முனகல். "ஆரம்பிச்சிட்டாருய்யா" என்றது ஒரு குரல். கோடு அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் தன்னை அறுக்கிறது என்கிறார்.

தாங்கள் ஜன்னலுக்கு வந்தீர்கள். முதல் துளிகள் விழத் தொடங்கியிருந்தன.

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா?"

"முதல் வேன்ல போயிட்டாருண்ணே."

"நீ பாத்தியா?"

அக்கா பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே அந்தக் கேள்வி காதில் விழுந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. தாங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடினீர்கள். தாங்கள் ஓடி நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அக்கா முதல் வேனின் ஓட்டுநருக்குப் போன் போட்டார். "அவர் அங்க இருக்காரா?" என்று கேட்டதும், "இங்க எதுக்குக்கா வர்றாரு? உங்ககூடத்தானே வருவாரு?" என்றார் அவர். மழை ஊற்றியது. அந்த நேரம் பார்த்து, ஆட்களைக் காணாததால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணிய ஒரு லாரி, இரண்டு கோன்களுக்கு நடுவே மூக்கை நுழைத்து உள் தடத்துக்கு வந்து வேகம் பிடித்தது. தாங்கள் ஒவ்வொரு திறப்பாகக் குனிந்து அவர் பெயரைக் கூவிக்கொண்டே ஓடுவது அக்காவுக்குத் தெரிந்தது. லாரியின் விளக்கும் தெரிந்தது. கைக்குள் இருந்த சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. "வாசல்ல நிக்கட்டும்னு நினைச்சேனே, வாசல்ல நிக்கட்டும்னு நினைச்சேனே" என்று அது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இனி அவர் அந்த வாசலில் நிற்கவே போவதில்லை என்று அந்த நொடியில் நம்பினார்.

கடைசித் திறப்புக்கு முன்னால் போய்க் காலை அகட்டிக்கொண்டு, சிவப்புக் கொடியை இரு கையாலும் தூக்கிப் பிடித்து, லாரியைப் பார்த்துத் தாங்கள் நின்றீர்கள். லாரியின் பிரேக் சத்தம் வேன் வரைக்கும் கேட்டது. கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அது நின்றது. அப்போது தங்கள் இரண்டு காலுக்கும் நடுவிலிருந்து சேறு பூசிய தலை ஒன்று வெளியே வந்து, "அண்ணே, கால எடுங்க. உள்ள தண்ணி ஏறுது" என்றது. தங்கள் பற்கள் கிட்டிப்போயிருந்தன. திட்டுவதற்காக இறங்கி வந்த லாரி ஓட்டுநர் அந்தத் தலையைப் பார்த்ததும் மழையிலேயே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப்பின் ஒரே கொண்டாட்டம். கோடு அக்கா கணவரின் முதுகில் நாலு போடு போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதார். "ஒரு சாவிக்கா இந்த அடி?" என்று அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். துண்டு கொடுத்தோம், தேநீர் ஊற்றினோம், பேசினோம், சிரித்தோம். காணாமல் போனவர் கிடைத்துவிட்டார்; பலகையும் காலி. கட்டுப்பாட்டு அறை மறுபடி கத்தியது. கோன்கள் ஏறின, சாலை திறந்தது, வேன் கிளம்பியது, அம்பு வண்டியும் கிளம்பியது.

கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா உள்ளங்கையைத் திறந்து சாவியைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். எல்லாக் கொக்கியும் காலி. முதல் கொக்கியும் காலி. அது எப்போதுமே காலிதானே என்று நினைத்தவர், அந்த நினைப்பிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணன் எந்த வண்டில வர்றாரு?"

"அம்பு வண்டிலதான்" என்றார் ஓட்டுநர்.

"நீங்க பாத்தீங்களா?"

அம்பு வண்டிக்குப் போன் போட்டோம். "உங்ககூடத்தானே வர்றாரு?" என்று அவர் எங்களையே கேட்டார்.

நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. அடுத்த இறக்கம் வரைக்கும் போய், கீழே சுற்றி, எதிர்ப் பக்கம் ஏறி, அங்கேயும் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும். அந்த வழி முழுக்க யாரும் யாரையும் பார்க்கவில்லை. "எனக்காகத்தான் நின்னாரு" என்று வடிகால்காரர் மெல்லச் சொன்னார். சாலையில் சிவப்பாக எது கிடந்தாலும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பைக்கும் மூடினார்.

தாங்கள் அந்தக் கடைசித் திறப்பின் கம்பிக் கதவை மாட்டக் குனிந்திருந்தீர்கள். நிமிர்ந்தபோது கோன்களும் இல்லை, நாங்களும் இல்லை, சந்தை ஊர் வரைக்கும் நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்தன. ஓடிய ஓட்டத்தில் வாக்கிடாக்கியும் கைப்பேசியும் எங்கேயோ விழுந்திருந்தன. நாங்கள் கண்டபோது தாங்கள் அந்தக் குறுகலான நடுத்திட்டில், வழிகாட்டிப் பலகையின் கம்பத்தோடு முதுகை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, நனைந்த கொடியைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின.

இனி சொல்வதும் தாங்கள் அறியாததுதான். தங்களைக் கண்டதும் வடிகால்காரர் கதவைத் திறந்து குதிக்கப் பார்த்தார். கோடு அக்கா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அம்பு வண்டி வந்து நிக்கட்டும். கோன் வைக்கட்டும். அதுக்கு முன்னாடி எவனாவது இறங்கினா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார். கண்ணெதிரே தாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் கைப்பிடியை விட்டு அசையவில்லை. அம்பு வண்டி வந்து நின்று, கடைசிக் கோன் வைத்த பிறகுதான் கதவு திறந்தது. வடிகால்காரர் அக்காவிடமிருந்த சாவியை வாங்கிப் பலகையில் மாட்டிவிட்டு இறங்கினார்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். இருக்கிறோம் என்றோம். "ரொம்பப் பயந்துட்டேன்மா" என்று அக்காவிடம் சொன்னீர்கள். "எங்க, என்னைத் தேடி வர்ற அவசரத்துல கோன் வைக்காம இறங்கிடுவீங்களோன்னு."

மறுநாள் முதல் அந்த வீட்டுக்கு இரண்டு சாவிகள் தொங்கின. அன்றிலிருந்து தங்களைப் பயந்தாங்கொள்ளி என்று எங்களில் யாரும் சொன்னதில்லை. ஆனால் முதல் கொக்கியில் சாவி மாட்டுங்கள் என்று எத்தனை முறை கெஞ்சியும் தாங்கள் கேட்கவில்லை. "எனக்காக யாரும் காத்துக்கிட்டு இருக்க வேணாம்ப்பா" என்றே சொல்லிவந்தீர்கள்.

அன்பின் அண்ணனே! நாளைக் காலை நாங்கள் சாலையில் இறங்கும்போது தாங்கள் இருக்க மாட்டீர்கள். பலகை கோடு அக்காவின் கையில் இருக்கும். சாலை அதே சாலைதான்; வண்டிகள்தான் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. எங்களுக்குப் பயமாக இருக்கிறது. எங்களுக்காகப் பயப்பட ஒருவர் இருந்தவரை நாங்கள் தைரியசாலிகளாக வேடம் போட்டுக்கொண்டு திரிந்தோம். இனி எங்களுக்காக நாங்களேதான் பயந்தாக வேண்டும். அதைப் பழகிக்கொள்ள ஒரே ஒரு வாரம் கூடுதலாகத் தாங்கள் இருந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நெடுஞ்சாலை போல நீளட்டும் தங்கள் ஆயுள்! நிழல் தரும் மரங்கள் போல நிறையட்டும் தங்கள் நாட்கள்! நோய் அணுகாது, நொடி அணுகாது, பேரப்பிள்ளைகளின் சைக்கிள் ஒன்றைத் தவிர வேறெந்த வாகனத்துக்கும் அஞ்சாது, அண்ணியோடு அமைதியாக வாழ வாழ்த்துகிறோம்.

இப்போது பலகையின் மேலிருக்கும் துணியை விலக்குகிறோம். முதல் கொக்கியைப் பாருங்கள். தங்கள் வீட்டுச் சாவி. காலையில் அண்ணி எங்களிடம் கொடுத்தது. எழுந்து வந்து, தங்கள் கையாலேயே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மண்டபத்து வாசலிலிருந்து தங்கள் ஸ்கூட்டர் வரைக்கும் கோன் வைத்திருக்கிறோம். தங்களுக்குப் பின்னால் அம்பு வண்டி வரும். பலகை காலியாகிவிட்டது என்பதற்காக ஒரு கோனைக்கூட எடுக்க மாட்டோம். வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்று யார் போன் செய்து சொன்னாலும், கோடு அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்கப் போகிறார்: "நீங்க பாத்தீங்களா?"

இப்படிக்கு,
தங்கள் பயத்தால் ஒவ்வொரு நாளும் வீடு போய்ச் சேர்ந்த,
தாங்கள் வீடு போய்ச் சேரும்வரை சாலையில் நிற்கும்,
வடக்கு தெற்கு நெடுஞ்சாலைப் பராமரிப்புப் பிரிவினர்